பிலோமினா தந்த கருவாடு

ஆவணி 12, செவ்வாய்

நிலக்கரி மின்சாரத்துக்கு எதிரான எங்கள் கூட்டத்தில் பேச, அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் கருவாடு போடும் பிலோமினாவை அழைத்தது நான்தான்.

"சாம்பல் படிஞ்சதுன்னு சொல்லி எங்க கருவாட்டை ஒருத்தரும் வாங்குறாங்க இல்ல" என்றார். முதலில் கைதட்டியதும் நான்தான். போகும்போது என் கையில் ஒரு பொதி கருவாடு தந்தார்.

வீட்டில் மனைவி பொதியைக் காட்டி, "உதைச் சமைக்கட்டே?" என்றாள்.

"வேண்டாம், சாம்பல் கிடக்கும்" என்று வாங்கி வாழையடியில் குழி தோண்டித் தாட்டுவிட்டேன்.

சற்றுமுன் பிலோமினா தொலைபேசியில் கேட்டார்: "அண்ணன், கருவாடு சமைச்சீங்களா?"

"ஓம் தங்கச்சி, நல்ல ருசி."

உடனே அவர் தன் வீட்டாரிடம் கத்துவது தொலைபேசியில் கேட்டது: "இங்க கேளுங்க, அவங்க சாப்பிட்டிருக்காங்க!"

இப்போது வாழையடியை நாய் கிண்டுகிற சத்தம் கேட்கிறது. எழும்பிப் போய்த் துரத்தவும் முகமில்லை.