வரிசையில் செல்விக்கு முன்னால் நிற்காதே

அன்பு மகன் சந்தோஷுக்கு அம்மா எழுதுவது. சங்கராபுரத்தில் நானும் அப்பாவும் சுகம், சிங்கப்பூரில் நீயும் மருமகளும் சுகமாக இருக்க மாரியம்மன் காக்கட்டும். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு சொல்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன். எதிர்வீட்டுப் பாரதி இதைப் போட்டோ எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவாள், கடைசி வரை படி.

அந்த மரவள்ளி மாவுக் கம்பெனிப் பங்கை நான் யார் பேச்சையும் கேட்டு வாங்கவில்லை, மூன்று வருடக் கணக்கை அகராதி வைத்துப் படித்துத்தான் வாங்கினேன். சத்துணவுல முட்டை எண்ணுனவங்களுக்கு ஷேர் எதுக்கும்மா என்று நீ சிரித்தது எனக்கு மறக்கவில்லை. என் தப்பு அது இல்லை. மகளிர் குழுவில் சொன்னதுதான் தப்பு. எங்கள் குழு உனக்குத் தெரியும், ஒருத்தி கறவை மாடு வாங்கினால் பன்னிரண்டு பேரும் வாங்குவோம், இதையும் அப்படியே வாங்கினோம். அது சின்னக் கம்பெனி, ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு பங்கு கைமாறினால் அதிகம். விற்க வருகிறவர் கம்மி, வாங்க நாங்கள் முட்டி மோதினோம், நாற்பத்திரண்டு ரூபாய் அறுபத்தெட்டு ஆகிவிட்டது. கம்பெனி ஒரு மூட்டை மாவுகூடக் கூடுதலாக விற்கவில்லை, விலையை ஏற்றியது நாங்களே, ஏறுகிறது என்று கேசரி கிண்டித் தின்றதும் நாங்களே.

அப்புறம் கடைசித்தெரு செந்தமிழ்ச்செல்வி மகளின் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட விற்கப்போகிறேன் என்றாள். உடனே விலை விழுந்துவிடும் என்று பயந்து எல்லாரும் ஒரே காலையில் விற்கப் போட்டார்கள். வெள்ளிமலையில் எல்லாரும் ஒரே வாரத்தில் கிழங்கு பிடுங்கினால் வண்டிகள் மில் வாசலில் வாங்க ஆளில்லாமல் நிற்குமே, இருபது வருடமாக அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுக்குமேல் இறங்கக் கூடாது என்று சந்தையில் ஒரு அடி விலை இருக்கிறது, ஆறு நாளாக அந்த விலைக்குக்கூட வாங்க ஆளில்லை. அதே விலையில் நிற்பவர்களில் முதலில் போட்டவருடையதுதான் முதலில் விற்கும்.

நேற்று யாரோ முந்நூறு பங்கு வாங்கினார்கள். விற்றது என்னுடையது. நான் போடவே இல்லை. ஷேர் கணக்கு தொடங்கிக் கொடுத்தவன் நீ, அது உன் போனிலும் திறக்கிறது, எனக்கு நல்லது செய்வதாக நினைத்து எல்லாருக்கும் முந்தி விடிவதற்குள் போட்டு வைத்திருக்கிறாய். மறைக்க எனக்கு வராது, குழுவில் சொன்னேன். குழாயடியில் செல்வி, இன்னாக்கா, எங்களை வாங்கச் சொல்லிட்டு உங்களுத மட்டும் வித்துக்கினீங்களே என்று கேட்டாள். பத்துப் பேர் நின்றிருந்தார்கள், குடத்தை நிரப்பாமலே வந்துவிட்டேன். அந்தப் பணத்தை எடுத்துப்போய்க் கொடுத்தேன், உங்க காசு எனக்கு வேணாங்க்கா, என் ஷேர் வித்தா போதும் என்று கதவைச் சாத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை கட்டாவிட்டால் அந்தப் பெண்ணின் சீட்டு போய்விடும்.

குழுவைக் கூட்டினேன். அவள் விற்கும்வரை யாரும் விற்கப் போடக் கூடாது என்றேன், முணுமுணுத்தார்கள், ஆனாலும் பத்துப் பேரும் எடுத்துவிட்டார்கள். அவளுக்கு முன்னால் இப்போது நம் ஊர்க்காரர் யாரும் இல்லை, நீ மட்டும்தான் இருக்கிறாய். மீதி இருநூறு பங்குக்கு நீ போட்டிருப்பதை எடுத்துவிடு. இன்னும் விலை இறங்குமே என்று எனக்குக் கணக்குச் சொல்லாதே, எனக்குத் தெரியும், இறங்கட்டும். கம்பெனி நல்ல கம்பெனி, அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, மருமகளிடம் கோபப்படாதே. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க என் ஆசீர்வாதம். நாளைக் காலை ஒன்பது மணிக்கு என் போனைத் திறப்பேன், அதில் என் பெயரில் விற்க ஒரு பங்கும் நிற்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா
சாலம்மாள்