பெரிய மலை, சின்னச் சரிவு

5 ஜனவரி 2025, ஞாயிறு

மாமா இன்று கடையில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். "ஏம்மா ஷிஃபா, பேரே தெரியாத ஊருக்கு ஜனத்தைக் கூட்டிட்டுப் போயி என்னத்தக் காட்டுவே?"

முத்துப்பேட்டை மகளிர் குழுவில் பனி பார்க்கப் போக வேண்டும் என்கிறார்கள். சம்பா அறுவடை முடிந்த பிறகு, நோன்பு பிடிப்பதற்கு முன்னால். மாமாவின் டிராவல்ஸ் இதுவரை நாகூர், ஏர்வாடி, அஜ்மீர் தாண்டிப் போனதில்லை. மாமா மகன் ஃபாஜில் காஷ்மீரின் அந்தப் பெரிய மலையைச் சொல்கிறான். நான் இமாச்சலத்தில் டோல்மா என்ற பெண் நடத்தும் சின்னப் பனிச்சறுக்குச் சரிவைச் சொல்கிறேன். எந்த இடம் முடிவாகிறதோ, அதைச் சொன்னவர்தான் பயணத்தை நடத்துவது.

நான் டிக்கெட் கவுண்டரை விட்டு எழுந்து ஒரு பயணத்தையாவது நடத்த வேண்டும். இந்த முறை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

7 ஜனவரி

கோபத்தில் யோசிக்கக் கூடாது. இரண்டு இடத்துக்கும் போன வருடம் சித்தியோடு போய் வந்தவள் நான். நியாயமாக எழுதிப் பார்க்கிறேன்.

பெரிய மலையின் அழகை மறுக்க முடியாது. ரோப்காரில் ஏறி உச்சியில் இறங்கியபோது மேகம் காலுக்குக் கீழே இருந்தது. படித்த பயணக் கட்டுரைகளெல்லாம் பொய் சொல்லவில்லை என்று அழுகை வந்தது. ஆனால் சறுக்கினேனா? வரிசையில் நின்றோம். முறை வந்ததும் ஒருவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கொஞ்ச தூரம் இழுத்துப் போனார், போட்டோ எடுத்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பின்னால் அத்தனை பேர் நின்றார்கள்.

டோல்மாவின் சரிவு எங்கள் தெரு நீளம்கூட இருக்காது. எதிரே உருளைக்கிழங்கு கோடவுன். மோட்டார் இழுக்கும் ஒரு கயிறு. அதைப் பிடித்துக்கொண்டால் மேலே கொண்டுபோய் விடும். அங்கே நாள் முழுக்க விழுந்தேன். சாயங்காலம் டோல்மா கேட்டாள், "ஏன் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்கிறாய்?"

அப்போதுதான் புரிந்தது. மழையில் வரப்பில் நடக்கிற நடை அது! சேறு வழுக்கினால் குதிகாலை அழுத்திப் பின்னால் சாய்வோம். பனியில் அதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. ஒருவர் கண் முன்னால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால்தானே இது தெரியவரும்?

ஆனால் இதையும் எழுத வேண்டும்: சின்னச் சரிவில் பனி குறைவாக இருக்கலாம். சில பிப்ரவரியில் தரை தெரியும் என்று டோல்மாவே சொன்னாள்.

8 ஜனவரி

அதையும் மாமாவிடம் சொன்னேன். ஃபாஜில் சிரித்த சிரிப்பு! "பனி இல்லாத பனிப்பயணம். நோட்டீஸ்ல அப்படியே போட்டுருவோமா, மேடம்?"

12 ஜனவரி, ஞாயிறு

முத்துப்பேட்டையில் குழுக் கூட்டம். மாமாவும் ஃபாஜிலும் வந்தார்கள். ஃபாஜில் போனில் ரோப்கார் வீடியோவைக் காட்டினான், கைதட்டினார்கள். நான் ஏதோ கட்டுரை வாசிப்பது போலப் பேசினேன். ஒருத்தி கொட்டாவி விட்டாள்.

குழுத் தலைவி காளியம்மாள் கருவாட்டு வியாபாரி. குறுக்கே புகுந்தார். "பாப்பா, சுத்தி வளைக்காத. அங்க எத்தன தடவ சறுக்கலாம்?"

"பெரிய இடத்துல ஒரே ஒரு தடவைதான்க்கா. சின்ன இடத்துல உங்களுக்குப் போதும்போதும்னு ஆகிற வரைக்கும்."

"அப்ப நான் இவகூட வரேன். கடல் வரைக்கும் போயி, கால நனைக்காம போட்டோ புடிச்சுட்டா வர்றது?"

பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "உனக்கென்ன காளி, ஊருக்குத் தெரியுற மாதிரி ஒரு ஸ்டேட்டஸ் போட வேணாமா?"

இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். பெரும்பாலோர் ஃபாஜில் பக்கம். என் பக்கம் ஏழு பேர். மாமா தாடியைத் தடவிக்கொண்டே, "ரெண்டும் போகட்டும். அடுத்த வருஷம் ஜனம் எதைக் கேட்டு வருதோ, அதைத்தான் நம்ம டிராவல்ஸ் நடத்தும்" என்றார்.

சரி. அப்படியே ஆகட்டும்.

9 பிப்ரவரி

நாளை ரயில். ஃபாஜிலின் கூட்டமும் நாளைதான். அவன் அம்மாவும், அதாவது மாமியும், அவனோடு போகிறார். அம்மா எனக்கு இட்லிப் பொடி கட்டித் தந்தாள்.

13 பிப்ரவரி

வந்து சேர்ந்தோம். சரிவின் நடுவில் தரை தெரிகிறது. மேலே பனி, கீழே பனி, இடையில் பழுப்பாகப் புல்லும் கல்லும். அதன் மேல் சறுக்கினால் கால் போய்விடும். டோல்மா கயிற்றை ஓட்ட மறுக்கிறாள். மன்னிப்புக் கேட்கிறாள். அவள் என்ன செய்வாள்?

ஃபாஜில் வீடியோ அனுப்பியிருக்கிறான். முழங்கால் வரைக்கும் பனி. கீழே ஒரு வரி: "அங்க எப்படி?"

போனைக் கவிழ்த்து வைத்தேன். நான்தானே பிடிவாதம் பிடித்தேன். எனக்குத் தெரியும்ல இப்படி ஆகும்னு... தெரிஞ்சுதானே கூட்டிட்டு வந்தேன்.

இல்லை. அழ மாட்டேன். காலையில் அவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்வேன்.

14 பிப்ரவரி

சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். காளியம்மாள் அக்கா இடுப்பில் கை வைத்துச் சரிவைப் பார்த்தார். பிறகு கோடவுனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். வெயில் படாத அந்தப் பக்கம் பனி குவிந்து கிடந்தது.

"ஏ பாப்பா, அந்தப் பொண்ணுகிட்ட மம்மட்டி இருக்கான்னு கேளு."

மண்வெட்டி இருந்தது. உருளைக்கிழங்கு அள்ளும் பிளாஸ்டிக் தொட்டிகளும் இருந்தன. அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நூறு நாள் வேலையில் குளம் வெட்டிக் கரையில் மண் கொட்டுகிற அதே வரிசை. ஒருத்தி வெட்ட, ஒருத்தி அள்ள, மற்றவர்கள் கைமாற்ற. சால்வையைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டார்கள்.

ஏழு பேரில் ஒருவரான கமருன்னிஸா லாத்தா தயங்கினார்; எங்களில் அக்காவை லாத்தா என்போம். "நான் இந்த வேலைக்கெல்லாம் போனதில்லையேடி."

"கல்யாண வீட்ல பிரியாணி சட்டி கைமாத்துனதில்ல? அதே தான் லாத்தா. என்ன, இது ஆறிப்போன பிரியாணி" என்றார் காளியம்மாள் அக்கா.

டோல்மா முதலில் தடுத்தாள், பிறகு பார்த்தாள், பிறகு தானும் வரிசையில் வந்து நின்றாள். விரல் மரத்துப்போய் நடுநடுவே தேநீர். "மேஸ்திரி வரல, மெதுவாக் குடிங்க" என்று ஒரு குரல். பழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையானது. மிதித்து மிதித்து இறுக்கினோம். வெயில் சாயும்போது டோல்மா மோட்டாரைப் போட்டாள்.

எல்லாரும் குதிகாலை ஊன்றினார்கள். எல்லாரும் மல்லாந்து விழுந்தார்கள். "முழங்காலை மடக்குங்க, முன்னாடி சாய்ங்க, இது வரப்பு இல்ல!" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போய்விட்டது.

15 பிப்ரவரி

காளியம்மாள் அக்கா விழாமல் கீழே வரைக்கும் வந்தார். நிற்கத் தெரியாமல் கோடவுன் சுவரைப் போய்க் கட்டிக்கொண்டார். "நிறுத்துறது எப்படின்னு சொல்லவே இல்லையேடி பாவி!" திரும்பவும் கயிற்றைப் பிடிக்க ஓடினார்.

21 பிப்ரவரி

ஊர். உடம்பெல்லாம் வலி. ஃபாஜிலின் கூட்டமும் நல்லபடியாக வந்து சேர்ந்தது. அவர்கள் போட்டோக்கள் உண்மையிலேயே அழகு, அவனிடமே சொன்னேன். எங்கள் போட்டோக்களில் கோடவுன்தான் தெரிகிறது. மாமா இரண்டையும் பார்த்தார்.

2 மார்ச், ஞாயிறு

முதல் நோன்பு. கஞ்சி குடித்து, தொழுது முடித்த நேரம் மாமியிடமிருந்து போன். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஃபாஜில் பக்கத்துல இருக்கான், சத்தமாப் பேசாத. அடுத்த வருஷம் உன்கூட வரேன், என் பேரைப் போட்டுக்க."

"அங்க நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களே மாமி?"

"நல்லாத்தான் இருந்துச்சு. பார்த்தேன். எல்லாத்தையும் பார்த்தேன். பார்த்ததோட சரி. காளியம்மா நேத்து கருவாடு கொண்டாந்தா. விழுந்த கதையெல்லாம் உங்க மாமாகிட்டயும் சொல்லிட்டுப் போனா. அவரே சொல்லிட்டாரு, 'போறதுன்னா ஷிஃபாகிட்டயே சொல்லிடு'ன்னு."

பூட்ஸுக்காக அவருடைய கால் அளவைக் கேட்டேன்.

"இரு, செருப்பப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று போனை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.