வாப்பாவின் காலும் வேன் பிரேக்கும்

மடவளை,
ஞாயிறு, அஸருக்குப் பிறகு.

அன்பு மகள் அஸீமாவுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் உதவியால் இங்கே சுகமாக இருக்கிறோம், அங்கே நீங்களும் மருமகனும் சின்னவரும் அப்படியே இருக்கத் துஆச் செய்கிறேன். போனில் பேசும்போது வாப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார், எதையும் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டு ஹபீல் நாளை கத்தாருக்கு வருவதால் இதை எழுதி அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

வேனை விற்கிற கதை முடிந்தது மகள், விற்கவில்லை. ஏன் விற்கப் பார்த்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஏற்றத்தில் இழுவை இல்லை, கறுப்புப் புகை வருகிறது என்று சொல்லித்தானே பல்லேகல ஃபேக்டரிப் பிள்ளைகளை ஏற்றுகிற ஹயரை நிறுத்தினார். அது உண்மைதான், ஆனால் பாதிதான். பன்வில இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் கால் இறங்கவில்லையாம், இரண்டு காலையும் வைத்து அமத்தி ஒரு மாதிரி நிறுத்தியிருக்கிறார். இரத்தத்தில் இருக்கிற சீனி வருத்தம் காலுக்கு வந்து உணர்ச்சி செத்துவிட்டது என்று தானே முடிவு கட்டி, அன்றைக்கே வேனை நிறுத்திவிட்டு, எங்களுக்கு எஞ்சினைச் சாட்டாகச் சொல்லியிருக்கிறார். நிறுத்தியது நல்லது, பிள்ளைகள் தப்பினார்கள். ஆனால் என்னிடம் மறைத்ததற்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

எஞ்சின் என்று சொன்னால் எஞ்சினைத்தானே பார்ப்பார்கள். ஸ்கேன் பண்ணிய இடத்தில் காற்று அளக்கிற சென்சர் பழுது என்றார்கள், மாற்றினோம், அதே புகை. பிறகு டர்போ சென்சர் என்றார்கள், அதையும் மாற்றினோம், அதே கதை. இவர் பிரேக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. வேனை வாங்க ரிஸ்கான் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது, அதற்குள் புகையையாவது சரிசெய்யலாம் என்று மெக்கானிக் நிஸாமை வீட்டுக்குக் கூப்பிட்டோம். விற்கிற வண்டிதானே, பின் லைட்டையும் பார்த்துவிடலாம், ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும் என்றார் நிஸாம். வாப்பா ஏதோ சாக்குச் சொல்லி நழுவ, நானே ஏறி உட்கார்ந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, மிதித்தால் கல்லு மாதிரி இருக்கிறது. “நிஸாம், இது எனக்கும் ஏலாதே” என்று கத்தினேன். சிரித்துக்கொண்டு வந்தவர் தானும் மிதித்துப் பார்த்து முகம் மாறிப்போனார்.

டீசல் எஞ்சினில் பிரேக்குக்கு உதவுகிற உறிஞ்சலை ஒரு சின்னப் பம்ப்தான் கொடுக்குமாம், வாக்குவம் பம்ப் என்கிறார்கள். அதிலிருந்து ஒரு ஹோஸ் பிரேக்குக்கு, இன்னொன்று டர்போவுக்கு. இரண்டும் பிரிகிற இடத்தில், எஞ்சினுக்குப் பின்னால் கை போகாத மூலையில், ரப்பர் வெடித்து உஸ் என்று காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. இழுவை போனதும் அதனால்தான், பிரேக் இறுகியதும் அதனால்தான். சென்சர்கள் பாவம், வீணாகப் பழி சுமந்தன.

புது ஹோஸ் போட்டு ஸ்டார்ட் பண்ணி வாப்பாவை ஏற்றினோம். மிதித்தார், இறங்கியது. விட்டுவிட்டுத் திரும்ப மிதித்தார், திரும்பவும் மிதித்தார். நிஸாம் போதும் என்று சொல்லியும் இறங்கி வரவில்லை. நான் கதவடிக்குப் போனேன். “குல்சும், என்ட காலுக்கு ஒண்ணுமில்ல” என்றார், கண்ணெல்லாம் தண்ணீர். ஒவ்வொரு நாளும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு சுவரில் காலை ஊன்றித் தள்ளிக்கொண்டிருப்பார், நான் உடற்பயிற்சி என்று நினைத்திருந்தேன். மனுசன் அவ்வளவு பயத்தையும் தனியாகச் சுமந்திருக்கிறார் மகள், எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஆனாலும் நான் சும்மா விடவில்லை, கிளினிக்கில் காலைக் காட்டிய பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். காலில் உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்றார் டொக்டர். நாளை முதல் ஹயர் ஓடுகிறார்.

உங்கள் வீட்டில் ரஹ்மத்தும் பரக்கத்தும் நிறையட்டும். ஹபீல் திரும்பி வரும்போது சீனி பார்க்கிற மெஷினுக்கு ஸ்ட்ரிப் வாங்கிக் கொடுத்தனுப்ப மறக்க வேண்டாம். இந்தக் கதையை வாப்பாவிடம் நீங்களாகக் கேட்காதீர்கள். ஒரு நாள் ஹோஸ் வெடித்த கதையாக, காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் அவரே சொல்வார். அப்போது அவ்வளவுதான் தெரியும் என்பதுபோல் கேட்டுக்கொள்ளுங்கள்.

துஆவுடன் உங்கள் உம்மா,
உம்மு குல்சும்