உப்புச் சர்க்கரை நாளில் படித்த பதினாலாம் பக்கம்

மோகனூர்
வெகுதானிய வருஷம், கார்த்திகை 12

லண்டன் பட்டணத்தில் பெரிய கணக்குப் படிப்புப் படிக்கும் சிரஞ்சீவி செங்கோட்டையனுக்கு உன் தகப்பன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை, ஆனால் இவ்விடம் யாரும் சுகமாக இல்லை, அப்படி ஆக்கியவன் நீ. உன் சுகத்தை நான் கேட்கவில்லை, உன் அம்மா கேட்கச் சொல்கிறாள், அதனால் கேட்டதாக வைத்துக்கொள்.

நீ அனுப்பிய அச்சுப் புத்தகம் ஐப்பசி மாதம் வந்து சேர்ந்தது. உங்கள் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் எங்கெங்கே படித்தோம், இப்போது என்ன ஆராய்ச்சி செய்கிறோம் என்று அவரவர் கதையை எழுதிய புத்தகம், பதினாலாம் பக்கத்தில் நான் இருக்கிறேன் என்று பெருமையாக எழுதினாயே, அந்தப் பக்கத்தில் என்ன எழுதி வைத்திருக்கிறாய் என்று தமிழில் ஒரு வரி எழுதினால் உன் கை தேய்ந்தா போய்விடும்? எனக்கு இங்கிலீஷில் உன் பெயர் ஒன்றுதான் அடையாளம் தெரியும். அதை அச்சில் பார்த்ததும் புத்தி கெட்டுப்போய், உன் தங்கை பாவாயிக்கு உப்புச் சர்க்கரை மாற்றிச் சம்பந்தத்தை உறுதி செய்யப் பரமத்தி கருப்பண்ணன் வீட்டார் வந்த அன்று, சபை நடுவே அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தேன். பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாரைப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். திருச்செங்கோட்டில் பள்ளிப் படிப்பு, சேலத்தில் காலேஜ், சென்னையில் கணக்கு ஆனர்ஸ், மாகாணத்திலேயே முதலாவது என்று அவர் சொல்லச் சொல்லக் கருப்பண்ணன் தலையை ஆட்டினார், நான் மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன். அப்புறம் வாத்தியார் சட்டென்று நிறுத்தி, மீதியெல்லாம் அவ்வளவு முக்கியமில்லைங்க என்றார். நான் விடுவேனா, ஓர் எழுத்து விடாமப் படியுங்க என்று அதட்டினேன். அவரும் படித்தார். கணக்கை மூளை நரம்புக்குப் பொருத்திப் பார்க்க வந்ததற்குக் காரணம் என் தங்கை, எட்டு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு வருகிறது, பெயர் பாவாயி.

ஏண்டா, ஊரும் உலகமும் பார்க்கிற அச்சில் பெயரைக்கூடப் போட வேண்டுமா? ஒன்பது வருஷமாக உன் அம்மா அவள் இடுப்பில் இரும்புச் சாவியைக் கட்டிவிட்டு, விழும்போதெல்லாம் கதவைச் சாத்திவிட்டு, கேட்டவர்களுக்குத் தலைசுற்றல் என்று சொல்லிக் காப்பாற்றி வந்ததை நீ நாலு வரியில் தொலைத்தாய். உப்பும் சர்க்கரையும் தட்டத்தில் அப்படியே இருந்தன. கருப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஏனுங்க மச்சான், தட்டத்தை எடுத்து உள்ளார வெச்சிருங்க, நாங்க கெளம்பறோம் என்றார். அவர் பெண்டாட்டி போகிற போக்கில், இத மொதல்லயே சொல்லியிருந்தா வண்டி கட்டாம இருந்திருப்பமே என்று உன் அம்மா காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனாள். தை மாதம் வைத்திருந்த கல்யாணம் அதோடு நின்றது. இனி இந்தப் பக்கத்தில் எவன் வந்து பெண் கேட்பான்? கணக்குப் படிக்கப் போனவன் அங்கே தலைக்கறி அறுக்கிறானாமே என்று சந்தையில் என் முகத்துக்கு நேராகவே சிரிக்கிறார்கள். காலேஜில் வாத்தியாராக வா, கலெக்டர் ஆபீஸில் உட்கார் என்றுதானே அனுப்பினேன், நரம்புக்குள் ஓடுகிற மின்சாரத்தை எண்ணச் சொல்லி நான் அனுப்பவில்லை. உன் அம்மா இருக்கிறாளே, அவள் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, வாத்தியார் நிறுத்தினப்ப நிறுத்தியிருக்கலாமில்லைங்க என்று என்னைத்தான் கேட்கிறாள். நாலு நாள் அவளோடு பேசவில்லை.

இதையும் கேள். இந்த வீட்டுக்குக் கடிதம் போடாதே, படிப்பு முடிந்தாலும் வராதே என்று முன்பே உனக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டேன். பாவாயி அதை எடுத்து ஒளித்துவிட்டாள். கேட்டதற்கு, அண்ணன் எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்லைங்களே அப்பா, கதவைச் சாத்தாம என்னைப் பத்திச் சொன்னது அவரு ஒருத்தர்தானுங்க என்றாள். கையை ஓங்கினேன், அடிக்கவில்லை. மறுநாள் வாத்தியார் வீட்டுக்குப் போய் மிச்சப் பக்கத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டு வந்திருக்கிறாள். வலிப்பு எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நிமிஷம் நின்றது என்று யாரும் குறித்து வைப்பதில்லை, அதுதான் என் வேலைக்குத் தடை என்று முடித்திருக்கிறாயாமே. சபை கலைந்ததில் அது என் காதில் விழவில்லை. அன்று முதல் ஒரு தாளில் எழுதத் தொடங்கினாள். இரண்டு தடவை கிழித்து அடுப்பில் போட்டேன், மூன்றாம் தடவையும் எழுதிக்கொண்டு வந்து எதிரே நின்றாள்.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் கணக்கால் அவளுக்கு ஏதாவது ஆகுமா ஆகாதா என்று சுற்றி வளைக்காமல் தமிழில் எழுது. ஆகாது என்றால் அதையும் எழுது, அதற்கப்புறம் இந்த வாசற்படி ஏறாதே. உன் அம்மா அத்தாயி உனக்கு ஆசீர்வாதம் சொல்கிறாள், மார்புச் சளிக்கு மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொல்கிறாள். என் ஆசீர்வாதத்தைப் பதில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். தாளைத் தவறவிடாதே. கார்த்திகை மூன்று, எட்டு, பதினொன்று என்று மூன்று தடவை வந்தது எழுதியிருக்கிறது. தேதி அவள் கையெழுத்து. விழுந்து கிடப்பவளுக்கு நிமிஷம் தெரியாது, அதனால் டைம்பீசைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து நிமிஷம் பார்த்தது நான். நேற்று ஆறு நிமிஷம்.

இப்படிக்கு,
உன் தகப்பன்
வெள்ளியங்கிரி