செவ்வாய் இரவு 12.40

06.02.86 வியாழன்

பனி. விடிய ஆறரைக்கும் குளக்கட்டு தெரியவில்லை. நெல் அறுக்க, அருவி வெட்டுக்குச் சொன்ன ஆட்கள் வரவில்லை. ரோட்டில் ஆமி செக்கிங்காம்.

இது கணக்குக் கொப்பி. பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் படுத்த பிறகு, குப்பி விளக்கை றங்குப் பெட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்து. ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டால் ஊத வேண்டும்.

இன்று அக்காவுக்குப் பயணத்தாள் எழுதிக் கொடுத்தேன். அத்தான் ஜேர்மனியிலிருந்து அனுப்பிய டிக்கெட் முழுக்க இங்கிலீஷ். (இன்னும் கலியாணம் ஆகவில்லை. ஆனாலும் அத்தான்தான்.) அக்கா எட்டாம் வகுப்போடு தையலுக்குப் போனவள். அப்பா எழுத்துக் கூட்டுவார், அவ்வளவுதான். ஆகவே நான். ஒருவர்கூட "சரியோ" என்று திருப்பிக் கேட்கவில்லை. அதுதான் பயம்.

தாள்:
1. கட்டுநாயக்கா எயார்போட்டில் ஏற்றம். திங்கள் பி.ப. 3.50.
2. மொஸ்கோவில் இறக்கம். திங்கள் இரவு 11.20. (மணிக்கூட்டை இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு வைக்கவும்.) வெளியே போகக் கூடாது. உள்ளேயே இருக்க வேண்டும்.
3. அடுத்த பிளேன். செவ்வாய் இரவு 12.40.
4. கிழக்கு பேர்லின். அத்தான் வந்து நிற்பார்.

டிக்கெட்டில் 10, 11 என்று திகதி மட்டும். கிழமையை நான் கலண்டரில் பார்த்துப் போட்டேன். 23.20, 00.40 என்று கிடந்ததையும் நான்தான் மாற்றி எழுதினேன்.

அம்மா விரல் மடித்துப் பார்த்தா. "அப்ப ஒரு ராவும் ஒரு முழுப் பகலும் இடையில கிடக்கு."
அப்பா: "அது நல்லதெல்லே. ஓடிப் பறக்கத் தேவையில்லை. பிள்ளை ஆறுதலா இருந்து போகலாம்."
அக்கா: "எடியே, கக்கூஸ் எங்க எண்டு இங்கிலீசில என்னண்டு கேக்கிறது? அதையும் எழுது. அதுதான் முக்கியம்."
எழுதினேன். ஐந்தாவது.

07.02 வெள்ளி

பனி குறைவு. பள்ளிக்கூடம் போகவில்லை, அம்மாவுக்கு உதவி.

ஒரு ராவுக்கும் ஒரு பகலுக்கும் அம்மா கட்டியது:
பயத்தம் பணியாரம் 60
பொரிவிளாங்காய் ஒரு பிஸ்கற் ரின் நிறைய
முறுக்கு
ஊறுகாய்ப் போத்தல் (அப்பா எடுத்து வெளியே வைத்தார், அம்மா திருப்பி உள்ளே வைத்தா, மூன்று தரம்)

பின்னேரம் முற்றத்தில் ஒத்திகை. மாமரம்தான் மொஸ்கோ. நான் கதிரையில் ஒப்பீசர். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வந்து தாளை நீட்டினாள். நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு "டிக்கெட்" என்றேன். அக்கா, "ஐயா, நான் நாளைக்கு இரவுதான் போறன், ஏன் இப்ப கத்திறியள்?" என்றாள். அம்மா குசினிக்குள் இருந்து சிரித்தா. மாமரத்தில் கொழுவி வைத்த சாறியை ஆடு இழுத்துப்போட, மொஸ்கோ அதோடு முடிந்தது.

சிரித்துவிட்டு அக்கா கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் வரவில்லை. கண் சிவந்திருந்தது. சோப் பட்டதாம்.

08.02 சனி

காலை 5.30 பஸ். அப்பா கொழும்பு வரை கூட்டிப் போகிறார். அருவி வெட்டைச் சித்தப்பாவிடம் பாரம் கொடுத்தாயிற்று.

அக்கா தாளை நாலாய் மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். டிக்கெட் கைப்பைக்குள். தாள்தான் நெஞ்சோடு. "இது இருக்கு. எனக்கென்ன பயம்?" என்று என் காதைத் திருகினாள். இன்னும் நோகிறது. நொந்துகொண்டே இருக்கட்டும்.

அவளுடைய பாய் சுருட்டிக் கிடக்கிறது. அம்மா அதைத் தொடவில்லை.

10.02 திங்கள்

வெயில். ஒழுங்காக எழுத வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் படிவம் நிரப்பினோம். பிறந்த திகதி: 15 ஜூன் 1970 என்று எழுதினேன். வீட்டில் அப்படித்தான். நான் திங்கள் இரவு பிறந்தவள், சாதகக் குறிப்பிலும் திங்கள்தான். ரீச்சர் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனையால் வெட்டினா.

"16 எண்டெல்லே இருக்கு. செவ்வாய்."
"இல்லை ரீச்சர், திங்கள் இரவு ரெண்டு மணிக்கு."
"அப்ப செவ்வாய்தானே பிள்ளை. பன்னிரண்டு மணிக்குத் திகதி மாறீடும். சாதகம் எழுதுறவைக்குத்தான் விடிஞ்சால் மற்ற நாள். படிவத்துக்கு அப்பிடி இல்லை."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் அக்காவின் தாள் நினைவுக்கு வந்தது.

11ஆம் திகதி 00.40. அது செவ்வாய் இரவு இல்லை. திங்கள் இரவு. இன்று இரவு. அக்கா 11.20க்கு இறங்குவாள். 12.40க்கு அடுத்த பிளேன் போய்விடும். இடையில் ஒரு மணித்தியாலமும் இருபது நிமிஷமும்தான். அக்கா ஒரு முழு நாள் கிடக்கிறது என்று பணியாரத்தைப் பிரித்துக்கொண்டு இருக்கப் போகிறாள். கண்ணுக்கு முன்னால் பிளேன் போகும். அது தன்னுடைய பிளேன் என்று அவளுக்குத் தெரியாது.

12 மணிக்குத் திகதி மாறும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பள்ளிக்கூடத்தில் தெரியும். வீட்டில் இருந்து எழுதும்போது தெரியவில்லை. இது எப்படி என்று விளங்கவில்லை.

இடைவேளையில் வயிற்றுக்குத்து என்று பொய் சொல்லித் தபால் கந்தோருக்கு ஓடினேன். அப்பாவும் அக்காவும் தங்கியிருக்கும் கொழும்பு லொட்ஜுக்குப் போன் எடுக்க முடியுமா என்று கேட்டேன்.
கிளாக்கர்: "ரெண்டு நாளாக் கிளிநொச்சிக்கே லைன் இல்லை. தந்தி குடுத்தாலும் பஸ்ஸிலதான் போகும். நாளைக்குப் பின்னேரம் கிடைக்கும். என்ன அவசரம்? ஆருக்கும் சுகமில்லையோ?"
"இல்லை."
"அப்ப ஏன் பிள்ளை அழுறாய்?"
முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். சுவர் மணிக்கூட்டில் 11.10. அக்கா இன்னும் இந்த நாட்டுக்குள்தான் நிற்கிறாள். பஸ் ஓடும் தூரம். ஆனாலும் எட்டாது.

பின்னேரம் 3.50க்கு அம்மா சாமிப் படத்துக்கு விளக்குக் கொளுத்தினா. "இப்ப ஏறியிருப்பாள்." நான் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். என்னவென்று கும்பிடுவது? பிளேன் போகக் கூடாது என்றா?

சொல்லவில்லை. நாளை சொல்வேன்.

11.02 செவ்வாய்

சொல்லவில்லை.

அப்பா இரவு வந்தார். ஆனையிறவுப் பக்கம் ஏதோ சண்டை என்று பஸ் வழியில் மூன்று மணித்தியாலம் மறித்து வைத்திருந்தார்களாம். சோறு தின்றுகொண்டு சொன்னார்: "உள்ள போகேக்க திரும்பிக் கை காட்டினவள். எங்களை வாசலோட மறிச்சுப்போட்டாங்கள். பிளேன் கிளம்பிறதைப் பாக்க விடேல்லை. நான் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிட்டன்." பிறகு என் தலையில் கை வைத்து, "வழி முழுக்க உன்ர தாளைத்தான் பாடமாக்கிக்கொண்டு வந்தவள்" என்றார்.

என் சோற்றை ஆட்டுக்கு வைத்தேன்.

நினைத்துப் பார்த்தவை: பிளேனை விட்டுவிட்டால் திருப்பிக் கட்டுநாயக்காவுக்கு அனுப்புவார்கள். தனிப் பெட்டை. வன்னி அடையாள அட்டை. ஏன் போனாய், ஆர் அனுப்பினது என்று கேட்பார்கள். அவளுக்குச் சிங்களம் தெரியாது. கேட்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. என் தாள் மட்டும் சட்டைக்குள். அதையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

ஐந்தாவதாக எழுதிய கக்கூஸ் வசனம் மட்டும் சரி.

13.02 வியாழன்

தந்தி வந்தது. காலை 10 மணி. அம்மாவுக்குத் தந்தி என்றாலே சாவுதான். முற்றத்தில் குந்திவிட்டா. தபால்காரர், "இங்கிலீசில இருக்கு, பிள்ளையிட்டைக் குடுங்கோ" என்றார்.

பிள்ளை நான்தான். வாசித்தேன். அத்தான் அனுப்பியது. வசந்தி வரவில்லை, உடன் பதில் தரவும்.

"என்னடி கிடக்கு? சொல்லன்."
"அக்கா வரேல்லையாம்."
"எங்க வரேல்லை?"
"அங்க."
"அப்ப எங்க நிக்கிறாள்?"

தந்தியை முதலிலிருந்து இன்னொரு தரம் வாசித்தேன். அப்பா வயலில் இருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தார். தந்தியை வாங்கி, வாசிக்கத் தெரியாத எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாளில எல்லாம் சரியாத்தானே கிடந்தது?" என்று என்னைக் கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சாய ஒரு இடம் வேண்டிக் கேட்டார்.

"ஓம் அப்பா" என்றேன்.

இதை இங்கே எழுதி வைக்கிறேன். ஓம் என்று சொன்னேன்.

14.02 வெள்ளி

மழைக் குணம். வெட்டின கதிர் நனைந்தால் முடிந்தது. அப்பா அதைப் பார்க்கவும் போகவில்லை. கிளிநொச்சிக்குச் சைக்கிளில் போய் அத்தானுக்குத் தந்தி அடித்தார்: திங்கள் ஏறினவள், தேடவும். என்னைக் கொண்டுதான் எழுதுவித்தார். இந்த முறை கிழமை, திகதி எல்லாவற்றையும் ஆறு தரம் பார்த்தேன்.

அம்மா சாப்பிடவில்லை. "பணியாரம் அறுபது போதாமல் போச்சோ" என்று தனக்குள் கதைக்கிறா.

நாளை கட்டாயம் சொல்வேன். அடிக்கட்டும்.

15.02 சனி

சொல்லவில்லை. சொல்லத் தேவை இல்லாமல் போய்விட்டது. போய்விட்டதா?

இரண்டாவது தந்தி. வசந்தி புதன் வந்து சேர்ந்தாள், சுகம். நான் வாசித்து முடிக்க முதல் அம்மா என் வாயைப் பார்த்தே அழத் தொடங்கிவிட்டா. அப்பா பிள்ளையார் கோயிலுக்கு நூறு தேங்காய் என்று கத்தினார். அம்மா அழுகைக்குள்ளும், "பத்து காணும், தேங்காய் விக்கிற விலையில" என்றா.

புதன். எப்படிப் புதன்? திங்கள் இரவுப் பிளேனைப் பிடித்திருந்தால் செவ்வாய் சேர்ந்திருப்பாள். விட்டிருந்தால் சேர்ந்திருக்கவே மாட்டாள். என் தாளின்படி போயிருந்தால்தான் புதன். என் தாள் பிழை. பிழையான தாளின்படி எப்படிப் போனாள்?

அழவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை. கதிர் நனையவில்லை.

28.02 வெள்ளி

அக்காவின் கடிதம். பதினொரு பக்கம். என் பேருக்கு.

முதல் பிளேன் பிந்திவிட்டதாம். ஏறி இருந்தபடியே மூன்று மணித்தியாலம். பிறகு மொஸ்கோவில் பனி கொட்டி, மேலேயே சுற்றிச் சுற்றி, இறங்க இரவு மூன்று. உள்ளே எங்கும் சனம். நிலத்தில் படுத்தும், கத்தியும். அவளோடு வந்த தமிழ்ச் சனம் ஒன்பது பேரும் பேர்லின் பிளேன் போய்விட்டது என்று தலையில் அடித்தார்களாம். அக்காவின் எழுத்தை அப்படியே:

"எல்லாரும் குழறினம். நான் மட்டும் உன்ர தாளை எடுத்துப் பாத்தன். செவ்வாய் இரவு 12.40. என்ர பிளேன் நாளைக்குத்தானே, எனக்கென்ன எண்டு பையைத் தலைக்கு வைச்சுப் படுத்திட்டன். மானிப்பாய் அக்கா ஒராள், கைக்குழந்தையோட, 'ஏன் பிள்ளை பேசாமல் கிடக்கிறாய், எழும்பி வா' எண்டு ஏசினா. வரேல்லை எண்டன். கடைசியில என்ர டிக்கெட்டைப் பறிச்சுக்கொண்டு போய் நாலு மணித்தியாலம் வரிசையில நிண்டு ஏதோ சீல் குத்திக்கொண்டு வந்து தந்தா. எனக்கு ஏனெண்டு விளங்கேல்லை. அவவின்ர பிள்ளையை நான் வைச்சிருந்தன். பகல் முழுக்க அம்மான்ர பணியாரத்தைத்தான் ஒன்பது பேரும் திண்டது. ஊறுகாயும் முடிஞ்சுது. இரவு எல்லாரையும் ஒரு பிளேனில ஏத்தினாங்கள். எத்தினை மணிக்குத் தெரியுமோ? 12.40! எல்லாற்ர தாளும் பிழைச்சுப்போச்சு, உன்ரது மட்டும் சரி. அவரிட்டையும் காட்டினனான். கெட்டிக்காரி எண்டவர்."

கக்கூஸ் வசனம் பதினாறு தரம் பயன்பட்டதாம்.

முதல் பிளேன் நேரத்துக்குப் போயிருந்தால் அக்கா தொலைந்திருப்பாள். பிந்தியதால் பிழைத்தாள். இல்லை, மானிப்பாய் அக்கா டிக்கெட்டைப் பறித்துப்போய் அடுத்த பிளேனுக்கு மாற்றியதால் பிழைத்தாள். அவவின் பேரைக்கூட அக்கா எழுதவில்லை.

அப்பா கடிதத்தைச் சங்கக்கடைக்குக் கொண்டு போனார். "என்ர சின்னவள் எழுதின தாள்" என்று அரிசி வாங்க வந்த எல்லாருக்கும் கதை. நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன்.

03.03 திங்கள்

வெக்கை. காற்றில்லை.

பின்னேரம் கீழ் வாய்க்கால் வீட்டு ரஞ்சி அக்கா வந்தா. புருஷன் பிரான்சில். மூன்று மாதக் குழந்தையோடு போகிறா, துபாயில் பிளேன் மாற வேண்டும். டிக்கெட்டை என் மடியில் வைத்தா. "வசந்திக்கு எழுதின மாதிரி ஒரு தாள் எழுதித் தா தங்கச்சி. உன்ர கை ராசியான கையாம்."

பார்த்தேன். இரண்டாவது பிளேன்: 20 மார்ச், 01.15.

"20 வியாழன்தானே, அப்ப வியாழன் இரவோ?" என்றா.

அம்மா பக்கத்தில் இருந்து சுளகில் பயறு புடைத்துக்கொண்டிருந்தா. பேனை நகரவில்லை. குழந்தை என் பின்னலைப் பிடித்து இழுத்தது.

"இல்லை அக்கா. புதன் இரவு. இறங்கின உடனை ஓட வேணும். இடையில ஒரு மணித்தியாலம்தான் கிடக்கு. பொழுது விடியுமட்டும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. பன்னிரண்டு மணிக்கே பிளேன்காரரின்ர நாள் மாறீடும்."

எழுதினேன். பெரிய எழுத்தில், கீழே இரண்டு கோடு போட்டு.

சுளகு நின்றுவிட்டது. அம்மா என்னைப் பார்த்தா. விரல் மடித்தா. ஒன்று, இரண்டு.

"அக்காவுக்கும் இப்பிடித்தானே எழுதினனி?"

"இல்லை அம்மா."

ரஞ்சி அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. அம்மா பிறகு சுளகை எடுத்துத் திரும்பப் புடைத்தா.

"பணியாரம் கொஞ்சம் கூடக் கட்டிக்கொண்டு போ பிள்ளை" என்றா அவவிடம். "ஒரு பகலுக்குப் போதக்கூடியதா."