பெரியம்மா உன் செட்டா?

குட்டி,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சுடவச்சுச் சாப்பிடு. அஞ்சு மணிக்கு உன் பெரியம்மா வர்றா, கதவைத் திறந்து விடு.

"நீ அந்தக் காலத்து ஆளும்மா, சொன்னாப் புரியாது"ன்னு என்கிட்ட மறைச்சிட்டு, வேலையை விட்டதை அவகிட்டதானே முதல்ல சொன்ன? அவ உன் செட்டாம்! என்னைவிட நாலு வயசு மூத்தவடி அவ. முடியைக் குட்டையா வெட்டிக்கிட்டா வயசு இறங்கிடுமா? ஆமா, எனக்கு வயிறு எரியத்தான் செய்யுது.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமையே கிடையாது"ன்னு நேத்து நான் கத்தினதும் தப்புதான்.

அம்மா

பி.கு.: என் முதல் வேலையை நான் ஒன்பதாவது நாளே விட்டுட்டேன். வீட்டுல சொல்லாம ஒரு மாசம் டிபன் பாக்ஸோட பஸ் ஏறி இறங்கினேன். உன் பெரியம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவகிட்ட மூச்சு விடாதே.