தெற்குக் கும்பம்

வைகாசி, வியாழன் இரவு

இதை எழுதுவதே கோபத்தில்தான்.

எங்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு எண்திசைக் காவலர்களுக்கும் எட்டுக் கும்பம் வைத்தார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குடும்பம் இருக்க வேண்டும். நேற்றுச் சீட்டுக் குலுக்கியதில் எனக்குக் கிழக்கு வந்தது, இந்திரனின் திசை. இன்று காலை முழுகிவிட்டு மகளோடு போனால், அங்கே கோயில் செயலாளரின் மனைவி இருக்கிறாள். அவர்களுக்கு வந்ததோ தெற்கு, யமனின் திசை.

"என்ன தம்பி, இடம் மாறிக் கிடக்கு?" என்று செயலாளரிடம் கேட்டேன்.

"நீங்க தெற்கில இருங்க அக்கா. உங்கட அவரும் போயிட்டார்தானே. உங்களுக்கு இனி என்ன பயம்?"

தலைவர் பந்தலை அண்ணாந்து பார்த்தார்.

"அவர் போனா என்ன? என்ட மகள் இருக்கா! பயம் உங்கட வீட்டுக்கு மட்டுமா?" என்று கத்திவிட்டேன். மேளம்கூட நின்றது. செயலாளரின் மனைவி எழும்பவில்லை. சேலையைத்தான் சரிசெய்தாள்.

தெற்குக் கும்பத்தின் முன்னால் ஆளில்லை. கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்த குருக்கள் தர்ப்பையோடு காத்திருந்தார். எட்டில் ஒரு காவலரை மட்டும் பூசையில்லாமல் விடலாமா? மகளோடு அங்கே போய் அமர்ந்தேன். அவர்கள் சொன்னதற்காக இல்லை. ஆனால் அவர்கள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அதுதான் எரிகிறது.

குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். மகளுடையதைச் சொன்னேன், யமனின் காவல் அவளுக்கு இருக்கட்டும் என்று. குருக்களுக்குக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தரமும் சொன்னேன்.